நெட் போனாலும் பாடம் நிற்கக் கூடாது: பள்ளி நூலகக் கணினியைத் தயார் செய்வது

"உங்களுக்கு எந்தத் தளம் வேண்டும்?" என்று ஆசிரியரிடம் கேட்டால் பதில் வராது. "அடுத்த இரண்டு வாரம் என்ன பாடம், பிள்ளைகள் எந்த இடத்தில் குழம்புவார்கள்?" என்று கேளுங்கள். "மின்சுற்று. தொடர் இணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் வித்தியாசம் புரியவே மாட்டேங்குது" என்பது மாதிரி ஒரு வரி வரும். நூலகர் தேட வேண்டியது அந்த ஒரு வரிக்குத்தான். ஒரு பாடத்துக்கு இரண்டு கற்றல் பொருள் போதும். பத்து லிங்க் அனுப்பினால் ஒன்றைக்கூடத் திறக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கூகுள் முன்னால் உட்காரவைத்துத் தேடச் சொல்வதும் வேண்டாம். 40 நிமிடப் பாடவேளையில் பாதி, எழுத்துகளைத் தட்டச்சு செய்வதிலேயே போய்விடும்.

மின்சுற்றுப் பாடத்துக்கு ஒரு பொருள்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் நடத்திவரும் இலவசத் தளம் ஃபெட். ஆங்கிலத்தில் பி, எச், இ, டி என்று நான்கு எழுத்து. அதில் மின்சுற்றுக் கட்டமைப்பு என்ற பாவனைச் சோதனையின் (திரையிலேயே செய்துபார்ப்பது) பக்கத்துக்குப் போய், மொழிபெயர்ப்புகள் பகுதியில் தமிழ் இருக்கிறதா என்று பார்த்து அதை இறக்குங்கள். முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆங்கிலப் பதிப்புதான் வரும். பழைய ஜாவா பதிப்புகளைத் தொடாதீர்கள், பள்ளிக் கணினிகளில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எச்டிஎம்எல் பதிப்பு ஒரே ஒரு கோப்பாக வரும். பென்டிரைவில் போட்டுக் குரோமில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும்.

அதில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று தயாராக இருக்கும். ஒரு பல்பை இணைத்தால் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டும். அதே கம்பியில் இரண்டாவது பல்பைத் தொடராகச் சேர்க்கும் முன், "இப்போது எவ்வளவு காட்டும்?" என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும். 0.45 என்று வரும், இரண்டு பல்பும் மங்கும். பக்க இணைப்பாக மாற்றினால் ஒவ்வொரு பல்பிலும் 0.90, பேட்டரியை ஒட்டிய கம்பியில் 1.80. எழுதவைக்காமல் நேராகக் காட்டினால், "ஆமா, எனக்கு முன்னாடியே தெரியும்" என்று எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். வகுப்பு கத்தும். குறுக்குச் சுற்றைப் (ஷார்ட் சர்க்யூட்) பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்துபார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் நிஜ டார்ச் பல்பு இரண்டையும் மேசைமேல் வையுங்கள். தொடராக இணைத்தால் மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாது. இழை சூடு குறையும்போது அதன் மின்தடையும் குறைவதுதான் காரணம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்.

விக்கிப்பீடியாவை இறக்கிவைப்பது

கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஜிம் (.zim) என்ற வகையில் ஒரே கோப்பாகத் தரும். ஒரே விக்கிப்பீடியாவுக்குப் பல பதிப்புகள் இருக்கும். மினி என்றால் கட்டுரைகளின் முன்னுரை மட்டும், நோபிக் என்றால் படங்கள் இல்லாமல், மேக்ஸி என்றால் முழுசும். பள்ளிக்கு மேக்ஸி நல்லது, வட்டில் இடம் இருந்தால்.

பலர் மாட்டிக்கொள்வது பென்டிரைவில். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இடம் காலியாக இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று சொன்னால் காரணம் இதுதான். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது எல்லாம் அழிந்துவிடும்.

நூலகக் கணினியில் கிவிக்ஸின் உள்ளகச் சர்வரை (மற்றக் கணினிகளுக்கும் அந்தக் கோப்பைக் காட்டும் வசதி) ஓடவிட்டால், அதே நெட்வொர்க்கில் உள்ள ஹைடெக் லேப் கணினிகள் பிரவுசரிலேயே படிக்கலாம். முகவரி 192.168.1.5:8080 மாதிரி இருக்கும். மற்றக் கணினியில் திறக்கவில்லையென்றால் முதலில் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லையென்றால், ரவுட்டரை அணைத்துப் போட்டபோது அந்த முகவரி எண் மாறியிருக்கும். ரவுட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும். ஆசிரியரின் போனில் மட்டும் வரவில்லையா? வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைக்கச் சொல்லுங்கள்.

தமிழ் நூல்கள்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச இணைய நூல்தொகுப்பில் இலக்கிய நூல்கள் எழுத்துவடிவில் கிடைக்கும், சொல் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள், அதாவது படங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். எழுத்தாக மாறும். ஆனால் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் விழும், ஒற்றுப்புள்ளி காணாமல் போகும். மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடாமல் வகுப்புக்குக் கொடுக்காதீர்கள்.

சின்ன வகுப்புகளுக்கு ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளம். கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பு எண்ணைப் பார்க்காமல், ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லி நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

க்யூஆர் ஒட்டுவது

அறிவியல் அலமாரியில் மின்சுற்றுப் புத்தகத்தின் பக்கத்திலேயே அதற்கான க்யூஆர் இருந்தால் ஆசிரியர் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இலவசம் என்று சொல்லும் பல க்யூஆர் தளங்கள் தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடும். சோதனைக்காலம் முடிந்ததும் அந்தக் க்யூஆர் செத்துவிடும். குரோமிலேயே க்யூஆர் உருவாக்கும் வசதி இருக்கிறது, அது நேரடி முகவரியைத்தான் பதிக்கும். ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. பளபளப்பான லேமினேஷனில் ட்யூப்லைட் பட்டால் கேமரா தடுமாறும். மேட் தாள் போதும்.

பிள்ளைகளின் விவரங்கள்

2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை. ஆகவே கணக்கு திறக்கச் சொல்லும் தளங்களைத் தவிருங்கள். கூகுள் ஃபார்மில் வினாடிவினா வைத்தால் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்து, பெயருக்குப் பதில் வரிசை எண் கேளுங்கள்.

கோப்புறைப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், பழைய ஸ்மார்ட் டிவிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். பாடத்துக்கு முந்தின நாள் மாலை, வகுப்பில் ஓடப்போகும் அதே கணினியில், நெட் கேபிளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒருமுறை திறந்துபாருங்கள்.