அம்மா வீட்டு கேஸ் ரெகுலேட்டரை மாற்றிய விதம்

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டுக் குசினிக்குள் நுழைந்ததுமே கேஸ் வாடை. அடுப்பு அணைந்துதான் இருந்தது. "நாலு நாளா இப்படித்தான்யா, சன்னலத் தொறந்தா போயிடும்" என்றார் அம்மா.

போகாது. கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்றுதான் வாடையைக் கலக்கிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு படரும். அதனால் சன்னல் மட்டும் போதாது, கதவையும் திறந்துவிடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், காற்றாடி உட்பட. வாடை பலமாக இருந்தால் வெளியே போய் 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தேன். கிளிப் ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வாங்கி எட்டு வருடமாம். குழாயை 2 வருடத்திலும் ரெகுலேட்டரை 5 வருடத்திலும் மாற்ற வேண்டும். அப்பா பால்மரம் வெட்டியவர் என்பதால் அம்மாவிடம் இதைச் சொன்னேன்: நம் மரத்து ரப்பர் கேஸ் பட்டால் ஊதிப்போகும், அதனால் இந்தக் குழாயின் உட்புறம் செயற்கை ரப்பர். சாதாரண தண்ணீர்க் குழாயை மாட்டவே கூடாது. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள். ரெகுலேட்டரும் குழாயும் கிளிப்பும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய ரெகுலேட்டரைப் பிரித்துச் சரிபண்ண முயல வேண்டாம்.

ரெகுலேட்டரைக் கழற்றியதும் தோம்பின், அதாவது கேஸ் சிலிண்டரின், வாய்க்குள் எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு கறுப்பு வாஷர் இருக்கும். அது பிய்ந்திருந்தால் தோம்பையே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அந்த வால்வு நாம் தொடுகிற சாமான் இல்லை. அம்மாவுடையது நன்றாகவே இருந்தது.

புதுக் குழாய் ரெகுலேட்டர் முனையின் மேல் ஏற முரண்டு பிடித்தது. எண்ணெய் தடவாதீர்கள், நுனியைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்தால் போதும். முனையின் வரிகள் எல்லாம் மறையும்வரை தள்ளி, கிளிப்பை முடுக்குங்கள். குழாயைக் கடிக்கிற அளவுக்கு முடுக்கினால் அங்கேயே கிழியும். அடுப்புக்குப் பின்னால் சூடுபடும்படி குழாயை விடாதீர்கள். அப்புறம் ரெகுலேட்டரைத் தோம்பின் மேல் நேராக வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். லேசாகத் தூக்கிப் பாருங்கள், வரக்கூடாது.

கடைசியாகச் சோப்பு நுரை. அப்பா இருந்தபோது தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். அடுப்பு மூடியே இருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். அடுப்புப் பக்கத்தில் மிளகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்தது. மூடிவிட்டு, கிளிப்பை அரைச் சுற்று முடுக்கி, திரும்பத் தடவினேன். நுரை அப்படியே நின்றது.

மாதத்தையும் வருடத்தையும் மார்க்கர் பேனாவில் ரெகுலேட்டர் மேல் எழுதினேன். அம்மா தேத்தண்ணி போட்டார்.