மல்யுத்தக் காதுக்கவசம்: முதலில் எந்தப் பட்டையை இறுக்குவது?

புதுக் காதுக்கவசத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டிக்கொண்டு மல்யுத்த மெத்தையில் இறங்கினால், முதல் பிடியிலேயே ஒரு பக்க மூடி காதை விட்டுக் கன்னத்துக்கு வந்து நிற்கும். மட்டமான சரக்கு என்று கவசத்தின் மேல் பழி விழும். பெரும்பாலும் கோளாறு அதில் இல்லை, பட்டைகளை இறுக்கிய வரிசையில்தான்.

காதுமடலுக்குள் இருப்பது எலும்பல்ல, குருத்தெலும்பு. அதற்கென்று தனி இரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்கு ஊட்டம் கொடுக்கிறது. எதிராளியின் தலையோ முழங்கையோ காதைத் தேய்த்துத் திருகும்போது அந்தச் சவ்வு பிரிந்து, இடைவெளியில் இரத்தம் தேங்குகிறது. ஊட்டம் அறுந்த குருத்தெலும்பு சுருங்கி, தேங்கிய இடம் தழும்பாக இறுகினால் அதுதான் காலிஃபிளவர் காது. ஆக, நேரடி அடியைவிட உராய்வும் திருகலுமே பெரிய எதிரி. வட இந்திய மல்யுத்தக் கூடங்களான அகாடாக்களில் உடைந்த காதைப் பயில்வானின் பதக்கமாகவே மதிக்கிறார்கள். மதிக்கட்டும், ஆனால் காதுத் துளையே அடைபடும் அளவுக்குத் தடித்த காதும் உண்டு.

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மல்யுத்தத்தில் இந்தக் கவசம் பரவியதில் கிளிஃப் கீனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1925 முதல் 1970 வரை மிச்சிகன் பல்கலைக்கழக மல்யுத்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர். 1958-ல் தன் பெயரிலேயே ஆன் ஆர்பர் நகரில் நிறுவனம் தொடங்கி, மல்யுத்த வீரர்களுக்கான காதுக்கவசத்தை வடிவமைத்து விற்றார். 1991-ல் அவர் மறைந்த பிறகும் குடும்பத்தார் அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். அமெரிக்கப் பள்ளி விதிகள் காதுக்கவசத்தைக் கட்டாயமாக்குகின்றன. காதை மறைத்தால் மட்டும் போதாது. கழன்று வராமலும் தலையில் சுழலாமலும் பிடிக்கும் பூட்டு இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அந்தச் சுழலாமைதான் பட்டைகளின் முழு வேலை.

வழக்கமான கவசத்தில் உள்ளே பஞ்சு பதித்த இரண்டு கடின பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றை இணைப்பவை நெற்றிப் பட்டை, உச்சிப் பட்டை, பிடரிப் பட்டை, தாடைப் பட்டை என நான்கு. வெல்க்ரோ, பிளாஸ்டிக் வளையம், அழுத்துப் பொத்தான் என்று பூட்டு மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் பெரியவர்களுக்கு ஒரே அளவு, சிறுவர்களுக்குத் தனி அளவு. வளர்கிற பிள்ளைதானே என்று பெரிய அளவை வாங்கிவிடாதீர்கள். எவ்வளவு இறுக்கினாலும் அது சின்னத் தலையில் நிற்காது.

மாட்டும் முறைக்கு வருவோம். பயிற்சியின்போது முடி எப்படி இருக்குமோ அப்படியே வைத்துக்கொண்டு நான்கு பட்டைகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். மூடிகளைக் காதின் மேல் வையுங்கள். மடல் முழுவதும் குழிக்குள் உட்கார வேண்டும். மேல் நுனியோ தொங்கு மடலோ விளிம்பில் மடங்கக் கூடாது. இனி வேறொருவர் மூடிகளைப் பிடித்துக்கொள்ளட்டும். முதலில் உச்சிப் பட்டை: மூடி எந்த உயரத்தில் நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அடுத்து பிடரிப் பட்டை. பின்மண்டையின் புடைப்புக்குக் கீழே அது இறங்கியிருக்க வேண்டும். புடைப்பின் மேலேயே இருந்தால் எதிராளி தலையை அழுத்தும்போது வழுக்கி ஏறிவிடும். மூன்றாவது நெற்றிப் பட்டை. புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே நிற்கட்டும். கடைசியாகத்தான் தாடை.

பலரும் தாடைப் பட்டையைத்தான் முதலில் இறுக்குகிறார்கள். அது மூடிகளைக் கீழே இழுக்கும். பிறகு உச்சியை இறுக்கினால் இரண்டுக்கும் இழுபறி, மூடி சாய்ந்து விளிம்பு மடலின் மேல் பதியும். அப்படி மாட்டிய கவசமே காதைத் தேய்த்துப் புண்ணாக்கும். தாடைப் பட்டை வாயைத் திறந்து மூச்சு வாங்க இடம் கொடுக்க வேண்டும். ஒரு விரல் நுழைந்தால் போதும்.

மாட்டியபின் ஒரு பக்க மூடியை உள்ளங்கையால் அழுத்தி முகத்துப் பக்கம் தள்ளிப் பாருங்கள். கவசத்தோடு நெற்றித் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி. கவசம் மட்டும் நகர்ந்தால் பிடரிப் பட்டையை இன்னும் அரை அங்குலம் இழுங்கள். பிறகு நெற்றியைத் தரையில் ஊன்றி, கழுத்தை இரு பக்கமும் உருட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்துக் கழற்றும்போது தோலில் லேசான தடம் தெரியலாம். தலைவலி வரக் கூடாது.

மீந்த பட்டை நுனிகளை அன்றே வெட்டாதீர்கள். வியர்வையில் நனைந்து பட்டை கொஞ்சம் நீளும், அளவு மாறும். மூன்று நான்கு பயிற்சிக்குப் பிறகு, ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். வெட்டிய நைலான் நுனியை லைட்டர் சுடரில் ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது. உருகிய முனை கரடாக இருந்தால் எதிராளியின் கண்ணைக் கீறும், தேய்த்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் ஈரத்தோடு பைக்குள் போட்டு ஜிப்பை மூடுவதுதான் கவசத்துக்குச் செய்யும் பெரிய கொடுமை. படர்தாமரையும் தோல் கொப்புளமும் மல்யுத்த அறைகளில் சுலபமாகத் தொற்றும். அதனால் ஒருவர் கவசத்தை இன்னொருவர் மாட்டவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புக் கலந்து, துணியால் பஞ்சையும் பட்டைகளையும் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். பிளீச் வேண்டாம், பஞ்சு பொரிந்துபோகும். டிரையர் சூட்டில் பிளாஸ்டிக் நெளியும். வெல்க்ரோவில் முடியும் நூலும் சேர்ந்தால் பிடி போய்விடும்; பழைய பல்துலக்கியால் வாரத்துக்கு ஒருமுறை சுரண்டி எடுத்தால் பல மாதம் கூடுதலாக உழைக்கும். பிளாஸ்டிக் மூடியில் மயிரிழை விரிசல் கண்டாலும் கவசத்தைத் தூக்கிப் போடுங்கள். டேப் ஒட்டி ஓட்டுவது ஆபத்து.

ஒரு எச்சரிக்கை: சர்வதேச விதிப்படி நடக்கும் ஃப்ரீஸ்டைல், கிரேக்கோ-ரோமன் போட்டிகளில் உலோகமோ கடினப் பகுதியோ இருக்கும் காதுக்கவசத்துக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கு வாங்கிய கடின மூடிக் கவசம் அங்கே செல்லாது. முழுக்க மென்மையான வகை தனியாகத் தேவை.

கவசம் போட்டும் காது வீங்கிவிட்டதா? தொட்டால் தண்ணீர்ப் பைபோல் மெத்தென்று இருந்தால் இரத்தம் தேங்கியிருக்கிறது. துணி சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்துவிட்டு, ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் தள்ளத் தள்ள இரத்தம் உறைந்துவிடும், ஊசியால் உறிஞ்ச முடியாது. வீட்டிலேயே ஊசி குத்தும் வேலை வேண்டவே வேண்டாம், குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதே உருக்குலையும். மருத்துவர் வடித்தபின் மடலின் இரு பக்கமும் வைத்துக் கட்டும் அழுத்தக் கட்டுதான் இரத்தம் திரும்பத் தேங்காமல் பிடித்து நிறுத்துகிறது. குளிக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை இரண்டாம் நாளே பிரித்துவிட்டு, மறுபடி வீங்கிய காதோடு வந்து நிற்பவர்கள் ஏராளம்.