பக் கன்வர்ட்டரை முதன்முதலாக மேசையில் ஓட்டும் முன்

முதுநிலை பவர் எலெக்ட்ரானிக்ஸில் படித்த சமன்பாடுகள் கைக்கு வருவது, ஒரு சின்ன பக் கன்வர்ட்டரை (டிசி வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சுற்றை) நாமே கட்டும்போதுதான். 24 வோல்ட்டை 12 ஆக்க வேண்டும், லோடு 5 ஆம்பியர், ஸ்விட்சிங் 100 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சிமுலேஷனைத் திறக்கும் முன் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

டியூட்டி, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு, 12/24 = 0.5. இண்டக்டர் மின்னோட்டத்தில் 30 சதவீதம், அதாவது 1.5 ஆம்பியர் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) விடலாம். 12 × 0.5 என்பதை 1,00,000 × 1.5 ஆல் வகுத்தால் 40 மைக்ரோஹென்றி. கடையில் எளிதாகக் கிடைக்கும் 47 போட்டால் ரிப்பிள் 1.28 ஆம்பியராகக் குறையும், உச்சம் 5.64. சாச்சுரேஷன் ரேட்டிங் 8 ஆம்பியராவது இருக்கட்டும். போதாவிட்டால் கோர் நிறைவுற்று, சீராக ஏற வேண்டிய மின்னோட்டம் கடைசியில் ஊசிபோல் எகிறும். ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் போய்விடும்.

அவுட்புட் கப்பாசிட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 50 மில்லிவோல்ட் ரிப்பிளுக்கு 32 மைக்ரோஃபாரட் போதும் என்கிறது சூத்திரம். ஆனால் கப்பாசிட்டரின் உள் தொடர்தடை 0.1 ஓம் என்றால் அது மட்டுமே 128 மில்லிவோல்ட் தந்துவிடும். டேட்டாஷீட்டில் முதலில் அந்தத் தடையைப் பாருங்கள், 0.03 ஓமுக்குக் கீழே வேண்டும்.

சப்ளையின் கரன்ட் லிமிட்டை 0.5 ஆம்பியரில் வைத்து, 100 ஓம் லோடுடன் தொடங்குங்கள். ஃபீட்பேக் (அவுட்புட்டைப் பார்த்து டியூட்டியைத் திருத்தும் சுற்று) இல்லாத நிலையில் அவுட்புட் 12 அல்ல, 18 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பதறி எதையும் கழற்ற வேண்டாம். லோடு, ரிப்பிளில் பாதியான 0.64 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இண்டக்டர் மின்னோட்டம் சுழியைத் தொட்டு நின்றுவிடும். அப்போது டியூட்டிக் கணக்கு செல்லாது. லோடை 12 ஓமாக்கி, லிமிட்டை 1 ஆம்பியருக்கு உயர்த்துங்கள். 12க்கு அருகில் வந்து நிற்கும்.

லோடு பேட்டரியாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஐஆர் 2110 போன்ற பூட்ஸ்ட்ராப் டிரைவரில் (ஒரு கப்பாசிட்டரில் சேர்த்த சார்ஜால் மாஸ்ஃபெட்டின் கேட்டை இயக்கும் ஐசி), பூட்ஸ்ட்ராப் கப்பாசிட்டர் சார்ஜ் ஆக ஸ்விட்ச் நோட் (மாஸ்ஃபெட்டின் சோர்ஸும் இண்டக்டரும் சேரும் புள்ளி) கிரவுண்டுக்கு இறங்க வேண்டும். பேட்டரி அதை 12 வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருப்பதால் கேட்டுக்குத் துடிப்பே போகாது. டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டுக்குத் தனி ஐசொலேட்டட் சப்ளை கொடுங்கள்.

கேட் அலைவடிவைப் பார்க்க, ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் மாட்டவே கூடாது. அந்தக் கிளிப் எர்த்தோடு இணைந்தது. சப்ளையின் மைனஸும் எர்த்தில் இருந்தால் ஸ்விட்ச் நோட் நேரே ஷார்ட். எர்த்தோடு இணையாமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் எடுங்கள். ரிப்பிள் அளக்கும்போது நீளமான கிளிப் வயரைக் கழற்றி, புரோப் முனையில் ஸ்பிரிங் கிரவுண்ட் போட்டு, கப்பாசிட்டரின் கால்களிலேயே வையுங்கள். ஸ்கோப்பில் ஏசி கப்ளிங், 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் வரம்பு. நீள வயரில் தெரியும் ஊசிமுனைகளில் பெரும்பகுதி வயர் வளையம் பிடித்த இரைச்சல், கன்வர்ட்டருடையது அல்ல.