மாடில இருக்குற தேனீக்கு தண்ணி வச்ச அனுபவம்

கோயம்புத்தூர்ல மொட்டை மாடில ரெண்டு பெட்டி அடுக்குத் தேனீ வச்சிருக்கேன். மார்ச் வந்தாலே பக்கத்து வீட்டு அக்கா கூப்ட்ருவாங்க, "தம்பி, உங்க பூச்சி எல்லாம் எங்க ஏசி பைப்புல தான் நிக்குது, துணி காயப்போட முடியல"ன்னு. அவங்க சொல்றதும் நியாயம் தான். வெயில்ல கூட்டுக்குள்ள 35 டிகிரிக்கு மேல போகாம பாத்துக்கணும்ல, அதுக்காக தண்ணிய எடுத்துட்டு வந்து அடை மேல தடவி றெக்கையால விசிறிகிட்டே இருக்கும், அதனால தண்ணி இல்லாம அதுங்களுக்கு ஆகாது.

கிண்ணத்துல சுத்தமான தண்ணி வச்சா சீண்டாதுங்க, பாசி வாசம் இருந்தா தான் வரும். அதனால செங்கல் மேல கோணி சாக்கு போட்டு, மேல ஒரு கேன் கட்டி, மெடிக்கல்ல வாங்குன சலைன் ட்யூப்ல சொட்டு சொட்டா விட்டேன், அந்த ஏசி தண்ணியவே கொஞ்சம் புடிச்சு பாசியோட சாக்குல ஊத்தி ஒரு சிட்டிகை கல்லுப்பும் போட்டேன். சர்க்கரை தண்ணி வைன்னு சொல்றவங்கள நம்பாதீங்க, எறும்பு தான் மொய்க்கும், ரெண்டு பெட்டியும் சண்டைக்கு நிக்கும். அக்கா வீட்டு பைப்ப மூடி போட்ட பக்கெட்டுக்குள்ள விட்டுட்டோம், ஏன்னா பழகுன எடத்த அதுங்க லேசுல விடாது. இப்ப காலைலயே சாக்கு ஓரத்துல வரிசையா நின்னு நாக்க நீட்டி உறிஞ்சுதுங்க. தண்ணி தேங்காததால கொசுவும் இல்ல, சாக்க மட்டும் வாராவாரம் அலசிடுங்க, ஆனா சோப்பு வேணாம்.