பழைய சி10 டிரக்கின் பின்கண்ணாடியை ஏற்றி இறக்கும்படி மாற்றுவது எப்படி

1967–72 செவ்ரோலெட் சி10 பிக்கப்பை கஸ்டமாகக் கட்டுகிறவர்கள், பின்கண்ணாடி கீழே இறங்க வேண்டும் என்று முடிவு செய்ததும் மோட்டாரைத்தான் முதலில் தேடுகிறார்கள். மோட்டார் கடைசி வேலை. முதலில் சரியாக வேண்டியவை இரண்டு. கண்ணாடி ஓடும் இரண்டு சேனல்களும் பிசகாமல் இணையாக நிற்க வேண்டும். உள்ளே இறங்கும் மழைத்தண்ணீருக்கு வெளியே போக வழி வேண்டும். கதவுக் கண்ணாடியில் கம்பெனி இவை இரண்டையும் செய்து கொடுத்திருக்கிறது. கேபினின் பின்சுவரில் நாமே கட்ட வேண்டும்.

கேபின் இடம் கொடுக்குமா?

1967–72 சி10-களில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி இறங்க வேண்டிய இடமும் அதுதான். ஆகவே டேங்கை வண்டியின் பின்பகுதியில், இரண்டு சேஸிஸ் தண்டுகளுக்கு நடுவே மாற்றாமல் இந்த வேலையைத் தொடங்க முடியாது. பழைய டேங்கைக் காலி செய்து, கழற்றி, வண்டியை விட்டே தூரமாக வைத்த பிறகுதான் கிரைண்டரையும் வெல்டிங்கையும் எடுக்க வேண்டும். காலியான டேங்கில் ஆவி இருக்கும். நிறைந்த டேங்கைவிட அது ஆபத்து. பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து கண்ணாடியின் வளைவு. நேரான ஸ்கேல் ஒன்றை இப்போதுள்ள கண்ணாடியின் மேல் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். ஓடும் கண்ணாடி தட்டையாக இருந்தால் வேலை எளிது. 1955–59 செவ்ரோலெட்டிலும் 1956 ஃபோர்டு எஃப்-100-லும் ஆப்ஷனாக வந்த, பக்கவாட்டில் சுற்றி வளையும் பெரிய பின்கண்ணாடியை இறக்கவே முடியாது. அந்த கேபின்களில் நடுப்பகுதியை மட்டும் தட்டையாக்கி இறக்கலாம். இரு ஓரமும் நிலையாக இருக்கும்.

மூன்றாவது சாய்வு. பலர் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான். ஜன்னலின் மேல்விளிம்பு முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால், அதே சாய்வில் கீழே இறங்கும் கண்ணாடி பின்சுவரை முட்டும். ஜன்னலுக்கும் அதன் கீழுள்ள சுவருக்கும் இடையிலான கோணத்தை டிஜிட்டல் கோணமானியால் அளந்துகொள்ளுங்கள். 400 மி.மீ. இறங்கும் கண்ணாடி 5 டிகிரி சாய்வில் 35 மி.மீ., 8 டிகிரியில் 56 மி.மீ., 10 டிகிரியில் 70 மி.மீ. பின்னால் போகும். 5 டிகிரி வரை ஜன்னல் சாய்வை அப்படியே வைத்து, கண்ணாடியை அந்த அளவு உள்ளே தள்ளி நிறுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடியைச் சுவருக்கு இணையாக நிறுத்தி, பக்கவாட்டில் விழும் முக்கோண இடைவெளியைத் தகட்டால் மூடுவதே நல்லது. சீட்டுக்குப் பின்னால் இடம் மிச்சமாகும்.

நான்காவது ஆழம். திறப்பின் உயரம் 360 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே சேனலுக்குள் நுழைய 15, கீழே முழுதாக ஏறியபோதும் விளிம்புக்குக் கீழே நிற்க 30. கண்ணாடியின் உயரம் 405 மி.மீ. கண்ணாடியின் கீழ் ஓரத்தைப் பிடிக்கும் அடிச்சேனலுக்கு 20, கண்ணாடி இறங்குவதற்காக நாம் கட்டும் தகட்டுத் தொட்டியின் தரைக்கும் அடிச்சேனலுக்கும் நடுவே 25 சேர்த்தால், ஜன்னல் விளிம்பிலிருந்து 450 மி.மீ. ஆழம் தேவை. ஆழம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு கண்ணாடி மேலே துருத்தி நிற்கும். 30, 40 மி.மீ. நிற்பது பெரிய குறையில்லை. அதற்காகத் தரையை வெட்டப் போகாதீர்கள்.

என்ன கண்ணாடி, என்ன மெஷின்

வெளித்தகட்டில் உள்ள திறப்பை வெட்டாமல் விடுவதே எங்கள் பரிந்துரை. ஜன்னலின் மூலைகள் உருண்டை. ஆனால் ஓடும் கண்ணாடியின் இரு பக்கமும் நேராக, இணையாக இருந்தாக வேண்டும். ஆகவே திறப்பைவிட இரு பக்கமும் 15–20 மி.மீ. அகலமான செவ்வகக் கண்ணாடியை உள்பக்கமாக ஓடவிடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய ஜன்னலின் வடிவம் மாறியிருக்காது. பழைய ரப்பர் உட்கார்ந்திருந்த விளிம்பில் யூ வடிவ பீடிங் (ரப்பர் ஓரப்பட்டை) போட்டால் போதும்.

கண்ணாடி 5 அல்லது 6 மி.மீ. டெம்பர்டு, அதாவது சூளையில் சூடாக்கி உறுதியாக்கியது. டெம்பர் செய்த பிறகு அதை வெட்டவோ, துளைக்கவோ, ஓரம் தேய்க்கவோ முடியாது, முழுதாகச் சிதறிவிடும். அளவு, மூலை, துளை எல்லாம் முடிந்து, ஓரங்களைப் பாலிஷ் செய்த பிறகுதான் சூளைக்குப் போக வேண்டும். இரண்டு கண்ணாடிகளை நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியை வெட்டலாம் என்பதால் சிலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் இங்கே கீழ் ஓரம் எப்போதும் ஈரத்தில் நிற்கும், நாளடைவில் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் பிரியத் தொடங்கும். எந்தக் கண்ணாடியானாலும் வாகனப் பாதுகாப்புக் கண்ணாடி என்ற முத்திரை மூலையில் தெரியும்படி கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் வண்டியைச் சோதிப்பவர் அதைத் தேடக்கூடும்.

எடையையும் கணக்கிடுங்கள். ஒரு மி.மீ. தடிமனுக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 900 × 405 மி.மீ., 5 மி.மீ. கண்ணாடி சுமார் 4.6 கிலோ. இதைத் தூக்க சாதாரணக் கதவு மோட்டாருக்குச் சக்தி உண்டு. சிக்கல் எடையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. அகலம் அதிகம், உயரம் குறைவு. அகலமான மேசை இழுப்பறையை ஓரத்தில் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்குமே, அதேபோல் ஒரே புள்ளியில் தூக்கும் மெஷின் இந்தக் கண்ணாடியைக் கோணலாக்கி சேனலில் இறுக்கிவிடும். ஆகவே இரண்டு இடத்தில் தூக்கும் கத்தரி வகை ரெகுலேட்டர் (கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின்) தான் வேண்டும். 1970-களின் இறுதி முதல் 1991 வரை வந்த செவ்ரோலெட் கே5 பிளேசரின் டெயில்கேட்டில் (பின்கதவில்) அகலக் கண்ணாடிக்கென்றே செய்த பவர் மெஷின் உண்டு. பழைய வண்டி உடைக்கும் யார்டில் கேட்டுப் பாருங்கள்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஸ்போர்ட் ட்ராக், டொயோட்டா டன்ட்ரா க்ரூமேக்ஸ் ஆகிய வண்டிகளின் பின்கண்ணாடியே கம்பெனியில் மோட்டாரோடு இறங்குகிறது. அவற்றிலிருந்து எடுப்பதானால் கண்ணாடி, சேனல், ரெகுலேட்டர், ரப்பர் நான்கையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து எடுங்கள். கண்ணாடியில் சிறு வளைவு இருந்தாலும் சேனலில் அதே வளைவு இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றதும் ஓடாது.

மற்றவை: உள்ளே ஃபெல்ட் ஒட்டிய ரன் சேனல், அது உட்காரும் ஸ்டீல் யூ சேனல், உள்ளும் வெளியும் விளிம்பில் கண்ணாடியைத் துடைக்கும் பீடிங் இரண்டு, அடிச்சேனலும் அதற்கான ரப்பர் டேப்பும், தொட்டிக்கு 18 கேஜ் தகடு, ரெகுலேட்டர் உட்காரும் இடத்துக்கு 16 கேஜ், 5 பின் ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் மோட்டாரின் பெரிய மின்சாரத்தை மாற்றிவிடும் கருவி) இரண்டு, தானே மீளும் 20 அல்லது 25 ஆம்பியர் பிரேக்கர், 12 கேஜ் வயர்.

ஃபிரேம் கட்டுதல்

கேபினைத் தொடும் முன் மேசையில் தொடங்குங்கள். கண்ணாடியின் அதே தடிமனுள்ள அக்ரிலிக் ஷீட்டில் ஒரு மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்க யூ சேனலையும் மேல் சேனலையும் நேரான இரும்புத் தளத்தில் கிளாம்ப் போட்டு, ரன் சேனலை உள்ளே பொருத்தி, பக்கத்துக்கு 2–3 மி.மீ. இடைவெளி இருக்கும்படி மாதிரியை ஓட்டிப் பாருங்கள். மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடத்திலும் சேனல்களுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்தால் வித்தியாசம் 1.5 மி.மீ.-க்குள் வர வேண்டும். மூலைக்கு மூலை அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவந்தாலும், ஃபிரேம் முறுக்கிக்கொண்டிருந்தால் கண்ணாடி ஓடாது. தளத்தில் நான்கு மூலையும் ஒட்டி உட்காருகிறதா என்று பாருங்கள்.

வெல்டிங்கில் சேனல் இழுத்துக்கொள்ளும். புள்ளிப் புள்ளியாக, பக்கம் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு புள்ளிக்கு ஒருமுறை மாதிரியை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீளமாக ஒரே வெல்டாகப் போட்ட சேனல் பெரும்பாலும் நடுவில் குழியும், கண்ணாடி பாதி வழியில் நிற்கும்.

கேபினுக்குள் எதை வெட்டும் முன்பும், இரண்டு கதவுத் தூணுக்கும் நடுவே 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்காகவும் கோணமாகவும் புள்ளி வெல்டில் கட்டுங்கள். கதவு இடைவெளிகளை டேப்பில் குறித்து வையுங்கள். வெட்ட வேண்டியது உள்பக்க வலுவூட்டும் விளிம்பை மட்டுமே. அது போனதும் பின்சுவரின் விறைப்பு குறைகிறது. புதிய ஃபிரேமும் தொட்டியும் அதை ஈடு செய்ய வேண்டும். ஆகவே ஃபிரேமின் மேல்பகுதியை ஜன்னலின் மேல்விளிம்பிலும், கீழ்க்கால்களைக் கேபின் தரையிலும் சேர்த்தே வெல்ட் செய்யுங்கள். சுவரில் மட்டும் தொங்கவிட்ட ஃபிரேம் கரடுமுரடு சாலையில் நெளியும். வெல்டிங் பொறி கண்ணாடியில் விழுந்தால் அந்தப் புள்ளி போகவே போகாது. முன்கண்ணாடியையும் கதவுக் கண்ணாடிகளையும் தடித்த துணியால் மூடுங்கள்.

மாதிரி ஒரு விரலால் தள்ளினாலே ஏறி இறங்க வேண்டும். அந்த நிலை வந்த பிறகுதான் கண்ணாடிக்கு ஆர்டர்.

தண்ணீர்

எவ்வளவு நல்ல பீடிங் போட்டாலும் தண்ணீர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். கம்பெனிக் கதவின் உள்பக்கமும் மழையில் நனைகிறது. அடியில் ஓட்டை இருப்பதால் தங்குவதில்லை. இங்கும் அந்த நினைப்பிலேயே கட்ட வேண்டும். தடுக்கப் பார்ப்பதைவிட வெளியேற்றப் பாருங்கள்.

கண்ணாடி உள்ளே தள்ளி நிற்பதால் திறப்பின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு திட்டு உண்டாகும். அதைச் சமதளமாக விட்டால் தண்ணீர் தேங்கி நேரே தொட்டிக்குள் போகும். 5 முதல் 8 டிகிரி வெளிப்பக்கம் சரியும்படி தகடு மடித்துப் போடுங்கள். வரும் தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே வெளியே வழிந்துவிடும். திட்டின் உள்விளிம்பில் வெளிப் பீடிங் உட்காரட்டும்.

தொட்டியின் தரை நடுவிலிருந்து இரு மூலைக்கும் சரிய வேண்டும், மீட்டருக்கு 20 மி.மீ. என்ற கணக்கில். மூலைக்கு ஒன்றாக 12 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயைக் கேபின் தரைக்குக் கீழே வரை கொண்டுபோய், முனையைப் பின்பக்கம் பார்க்க வெட்டிவிடுங்கள். முன்பக்கம் பார்த்தால் ஓடும்போது காற்று தண்ணீரை மேலே தள்ளும். இதைவிடச் சிறிய குழாயை ஓர் இலை அடைத்துவிடும். மூட்டுகளில் சீம் சீலர், உள்ளே எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெழுகு ஸ்ப்ரே. ரெகுலேட்டரைக் கழற்றும் அளவுக்குப் பெரிய மூடியைக் கேபின் பக்கம் விட்டு, பியூட்டைல் டேப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடுங்கள். மூடியில்லாத தொட்டி கட்டினால், மோட்டார் பழுதாகும் நாளில் தகட்டை வெட்டத்தான் வேண்டும்.

ரெகுலேட்டர், வயரிங்

ரெகுலேட்டர் கண்ணாடியின் கேபின் பக்கம் வர வேண்டும். துளைகளை நீளமாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை முக்கால் பங்கு ஏற்றி, இரு பக்க இடைவெளியும் சமமானதும் போல்ட்டை இறுக்குங்கள். மேலும் கீழும் ரப்பர் ஸ்டாப்பர் கட்டாயம். மெஷினின் கை தன் எல்லைக்கு வருவதற்கு முன் ஸ்டாப்பர் தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பல் உடையும்.

மோட்டாரின் இரு வயரும் ஆளுக்கொரு ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு. இரண்டு ரிலேயிலும் 87ஏ எர்த்துக்கு, 87 பிரேக்கர் வழியாக 12 வோல்ட்டுக்கு, 85 எர்த்துக்கு. ஒரு ரிலேயின் 86 சுவிட்சின் ஏற்றத்துக்கும் மற்றதன் 86 இறக்கத்துக்கும். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரு முனையும் எர்த்தில் இருப்பதால் கண்ணாடி தானாக நழுவாது. சுவிட்சுக்கான மின்சாரம் சாவி போட்டால் மட்டும் வரட்டும். மூடுவதற்கு மேலே இழுக்க வேண்டிய சுவிட்சாக வாங்குங்கள். அழுத்தினால் மூடும் வகையில் குழந்தையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறும். கழுத்தோ கையோ நடுவில் இருக்கலாம்.

சோதனையும் கோளாறுகளும்

குழாய்த் தண்ணீரை வேகமில்லாமல் முதலில் கீழ் விளிம்பில், பிறகு பக்கங்களில், கடைசியாக மேலே விடுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் எந்தக் கட்டத்தில், எங்கே நனைகிறது என்று தெரியும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஓட்டை எங்கே என்று பிடிபடாது.

இறங்கும்போது நன்றாக இறங்கி, ஏறும்போது திணறினால் முதலில் வோல்ட்டேஜைப் பாருங்கள். மோட்டாரில் அளக்கும்போது பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எர்த் அல்லது வயர்தான் காரணம். வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் சேனல் இறுக்கம். சிலிகான் ஸ்ப்ரே அடிக்கலாம், கிரீஸ் வேண்டாம், அது தூசியைப் பிடித்து ஃபெல்ட்டைக் கெட்டியாக்கும். பாதி திறந்த நிலையில் கடகடத்தால் ரன் சேனல் தளர்வு, அல்லது உள் பீடிங் கண்ணாடியைத் தொடவில்லை. ஓட்டும்போது விசில் வந்தால் மேல் சேனலின் மூலையைப் பாருங்கள். கண்ணாடி காரணமில்லாமல் உடைந்தால் அடிச்சேனலில் இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொட்டிருக்கும். புதிய கண்ணாடியை ரப்பர் டேப் சுற்றி உட்காரவையுங்கள்.

கடைசியாகப் புகை. ஓடும் பிக்கப்பின் கேபினுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. பின்கண்ணாடி திறந்திருந்தால் எக்ஸாஸ்ட் புகை கேபினுக்குள் இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. கஸ்டம் டிரக்குகள் பலவற்றில் எக்ஸாஸ்ட் பின் அச்சுக்கு முன்பே முடிகிறது. கண்ணாடி இறங்கப் போகிறதென்றால் குழாயைப் பின் பம்பரைத் தாண்டி நீட்டுங்கள், குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச்களில் உள்ள கசிவுகளை அடைத்துவிடுங்கள். பின்கண்ணாடியைத் திறக்கும்போதெல்லாம் முன் காற்றுத் துவாரத்தையோ கதவுக் கண்ணாடியையோ சேர்த்தே திறந்து வையுங்கள். ஒரு மோனாக்சைடு அலாரத்தை சீட்டுக்குப் பின்னால் வைத்து, கண்ணாடி முழுதும் இறங்கிய நிலையில் வெவ்வேறு வேகங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்பக்க டிரிம்மை மாட்ட வேண்டும்.