ஹம்பி, பாதாமி: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹம்பி விட்டலர் கோயிலின் கல்தேருக்கு முன்னால் நாங்கள் போய் நின்றபோது மதியம் பன்னிரண்டரை மணி. ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, அதே தேர். வீட்டுக்காரர் பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துத் தேருக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு, "போலாமா?" என்றார். மூன்று மாதம் திட்டம் போட்டு, பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, பத்தே நிமிடத்தில் "போலாமா". எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் மேல் தப்பில்லை. தரையிலிருந்து கிளம்பிய அனலில் எனக்கே கண்ணை இருட்டியது.

ஹம்பியில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் இருக்கிற கருங்கல் பாறைகள் காலையிலிருந்து சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மதியம் திருப்பித் தருகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தாங்கும். அப்போதும் பதினொன்று முதல் மூன்றரை வரை வெளியே சுற்றக்கூடாது. விட்டலர் கோயிலுக்குக் கதவு திறந்ததும் முதல் ஆட்களாகப் போய்விடுங்கள். அங்கே வாங்கும் நுழைவுச்சீட்டே அன்று முழுக்கத் தாமரை மகால் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும் என்பதைக் கவனிக்காமல் சீட்டைக் கசக்கி எறிகிறவர்கள் உண்டு. காலையில் விட்டலர், உச்சி வெயிலில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் தாமரை மகாலும் யானைக் கொட்டிலும். இந்த வரிசை போதும். வெள்ளிக்கிழமை மட்டும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

உண்மையில் அந்த அருங்காட்சியகத்தை நாங்கள் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். மலை, ஆறு, கோயில், கோட்டைச் சுவர் எல்லாம் வைத்து ஹம்பியின் பெரிய மாதிரி ஒன்று அங்கே இருக்கிறது. சுற்றி வந்து பார்த்தால் எது எங்கே என்று பிடிபட்டுவிடும். அது பிடிபடாததால்தான் "ஒரே நாளில் ஹம்பி" என்கிற திட்டமே பிறக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பரப்பு மட்டும் கிட்டத்தட்ட 42 சதுர கிலோமீட்டர். மிச்சமிருக்கும் கட்டடங்களும் சின்னங்களும் 1,600-க்கு மேல். ஒரே நாளில் பார்க்கப் போனால் ஆட்டோக்காரர் காட்டுவதுதான் ஹம்பி. குறைந்தது இரண்டு முழு நாள் வையுங்கள். பட்டியலைப் பாதியாக வெட்டிவிடுங்கள். சாயங்காலச் சண்டையும் பாதியாகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் பெரிய தவறு இது எதுவும் இல்லை. கட்டடங்களைப் பார்த்தோம், பாறைகளைப் பார்க்கவில்லை. மலை மலையாகக் குவிந்து, ஒன்றின் மேல் ஒன்று தொத்திக்கொண்டு நிற்கிற அந்த உருண்டைக் கற்களைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றுவது "எரிமலை வெடித்துச் சிதறியிருக்கும்" என்பதுதான். வாலியும் சுக்ரீவனும் சண்டையில் வீசியவை என்று ஊரில் கதை சொல்வார்கள். ஹம்பியை ஒட்டி ஓடும் துங்கபத்திரை ஆற்றின் இருகரையும் ராமாயணத்துக் கிஷ்கிந்தை என்பது அவர்கள் நம்பிக்கை, கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கற்களை யாரும் எங்கிருந்தும் கொண்டுவந்து போடவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பூமிக்கடியில் இறுகிய ஒரே பெரும் கருங்கல் திரள். அதில் குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு விழுந்தது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, கட்டிகளின் மூலைகளை முதலில் கரைத்து உருட்டியது. உதிர்ந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, உருண்டைகள் மிஞ்சின. 250 கோடி ஆண்டு பழைய கல்.

இது தெரிந்தபின் அந்த ஊர் வேறு மாதிரித் தெரிந்தது. 1336-இல் தொடங்கி, ஹம்பியைத் தலைநகராக வைத்திருந்த விஜயநகரப் பேரரசுக்கு இந்தப் பாறைகள்தான் இயற்கையான மதில், கல்குவாரியும் இவைதான். பாதையோரப் பாறைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விளிம்பில் தையல் போட்டதுபோல் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் இருக்கும். ஆப்பு இறக்கிப் பிளக்கக் கல்தச்சர்கள் போட்டவை. சில பாறைகளில் குழி மட்டும் இருக்கிறது, பிளக்கவே இல்லை. 1565-இல் தக்காண சுல்தான்களோடு நடந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டது. இந்தக் குழியைப் போட்டவர் எப்போது, எதற்காக உளியைக் கீழே வைத்தாரோ!

அரண்மனை வளாகத்தில் இருக்கும் படிக்குளத்திலும் இதே போல ஒன்று உண்டு. கறுப்புக் கல்லில் கட்டிய அந்தக் குளத்தின் படிகளில், எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு அடையாளக் கீறல்கள் இருக்கின்றன. "ஏங்க, இங்க பாருங்க" என்று நான் காட்டியபோது, பத்து நிமிடத்தில் கிளம்பச் சொன்ன அதே மனிதர் குளத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் கீறல் தேடினார்.

தேடலாம், தொடக்கூடாது. விட்டலர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதி இல்லை. படம் நன்றாக வரும் என்று தூணில் சாய்வது, மேடையில் ஏறுவது எல்லாம் வேண்டாம். விளையாட்டாகத் தூணைத் தள்ளிச் சாய்த்த நான்கு இளைஞர்களுக்கு 2019-இல் நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டு, தூண்களை அவர்களையே நிமிர்த்தி வைக்கச் சொன்னது.

சூரிய அஸ்தமனம் பார்க்க மாதங்க மலை ஏறுகிறவர்கள் இறங்குவதைப் பற்றி யோசிப்பதில்லை. படிகள் பாதியில் காணாமல் போகும், இருட்டில் ஒன்றும் தெரியாது, சுற்றுவட்டாரம் கரடியும் சிறுத்தையும் இருக்கிற காடு. ஹேமகூட மலை போதும்; ஏறுவதும் இறங்குவதும் எளிது, கீழேயே விருபாட்சர் கோயில். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஆனைகுந்தி பக்கம் போனால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஆற்றில் தண்ணீர் கூடினால் படகே ஓடாது. பரிசலில் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். துங்கபத்திரையின் பாறை இடுக்குகளில் நீந்த ஆசை வரும், வரக்கூடாது. ஹம்பி கிராமத்துக்குள் அசைவமும் மதுவும் கிடையாது.

அப்புறம் பாதாமி. ஹம்பிக்குப் போகிற பலரும் இதை ஒட்டுக்கு ஒரு நாள் சேர்த்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான், மூன்று நான்கு மணி நேரம் காரில் போய்க் களைத்துப் போய் இறங்கினோம். என் கணக்கில் பயணத்தையே பாதாமியில் தொடங்க வேண்டும். காலத்தால் அது ஹம்பிக்கு எழுநூறு எண்ணூறு ஆண்டு மூத்தது. கல்லும் வேறு, சிவந்த மணற்கல். உளிக்கு இளகிக் கொடுக்கும். முதல் குடைவரையில் பதினெட்டுக் கையோடு ஆடும் சிவனின் விரல்களைப் பார்த்தால் இந்தக் கல்லின் குணம் புரியும்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாளுக்கியர் தலைநகரான வாதாபி இதுதான். 642-ஆம் ஆண்டு வாக்கில் நரசிம்மவர்மப் பல்லவன் பிடித்த ஊர். அவன் கல்வெட்டு இங்கே பாறையில் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான்; கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததாக அங்கேயே கன்னடத்தில் எழுதி வைத்தான். அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி பட்டதக்கலில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் நன்றாகவே தெரியும். காஞ்சிபுரத்தை முதலில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இன்னும் நல்லது.

பட்டதக்கல் பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர்தான். பழைய சாளுக்கியக் கோயில்கள் இருக்கும் அய்ஹொளேயையும் சேர்த்து ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் மூன்று மணிக்குள் முடித்துவிட்டு பாதாமிக்குத் திரும்பிவிடுங்கள். அகத்தியர் ஏரியின் கிழக்குக் கோடியில் பூதநாதர் கோயில் மேற்கு பார்த்து நிற்கிறது. சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழும்போது, கோயிலும் பின்னால் இருக்கும் செம்பாறையும் ஒரே நிறமாகிவிடுகின்றன. கையில் தின்பண்டப் பை எதுவும் வேண்டாம். நாங்கள் அந்த நிறத்தில் மயங்கி உட்கார்ந்திருந்த நேரத்தில் குரங்கு ஒன்று எங்கள் ஜோள ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்து மேல் ஏறி, கடலைச் சட்னியை மட்டும் வீசிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டது.