பழைய ஐரோப்பிய வரைபடங்களைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய உலகப் படம் ஒன்று கண்ணில் பட்டதும் நாம் முதலில் இந்தியாவைத் தேடுவோம். அது கோணல்மாணலாக இருந்தால் சிரிப்போம். கையில் கூகுள் மேப்ஸ் இருக்கிற தெம்பில், வாத்தியார் மாதிரி சிவப்புப் பேனாவை எடுத்துவிடுகிறோம். யாருக்காக, எதற்காக வரைந்தார்கள் என்று கேட்பதே இல்லை. மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட் பேராலயத்தில் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1300-ஐ ஒட்டி ஒரே கன்றுத்தோலில் வரைந்தது. உயரம் சுமார் 1.6 மீட்டர். மேலே வடக்கு என்று நினைத்துப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மேலே இருப்பது கிழக்கு. உச்சியில் ஏதேன் தோட்டம், நட்டநடுவில் எருசலேம், கீழே இடது மூலையில் நசுங்கிக் கிடக்கிறது பிரிட்டன். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், மத்தியதரைக் கடல் மெல்லப் பிடிபடும். செங்கடலுக்கு நிஜமாகவே சிவப்பு பூசியிருக்கிறார்கள். பொன் எழுத்தில் ‘ஐரோப்பா’ என்றிருப்பது ஆப்பிரிக்காவின் மேல். ‘ஆப்பிரிக்கா’ என்றிருப்பது ஐரோப்பாவின் மேல்! அது எப்படி நேர்ந்தது என்பது வேறு கதை. ஆனால் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரும் வழி தேடவில்லை. பைபிள், புராணம், வரலாறு, விலங்கு, ஊர் எல்லாவற்றையும் ஒரே தோலில் அடுக்கிய அறிவுக் களஞ்சியம் அது.

வடக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. 1450 வாக்கில் ஃப்ரா மவுரோ என்ற துறவி வரைந்த உலகப் படம் வெனிஸின் மார்ச்சியானா நூலகத்தில் இருக்கிறது. அதில் மேலே தெற்கு. டச்சு ஓவியர் வெர்மீர் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய, போர்வீரனும் சிரிக்கும் பெண்ணும் உள்ள ஓவியத்தில் பின்சுவரில் ஹாலந்து வரைபடம் தொங்குகிறது. அதில் மேலே மேற்கு. போதாக்குறைக்கு நிலம் நீலம், கடல் பழுப்பு. பழக்கதோஷத்தில் நிலத்தைக் கடலென்று வாசித்து ஏமாறாதவர் குறைவு.

அப்புறம் இந்த டிராகன் கதை. தெரியாத இடத்தில் எல்லாம் ‘இங்கே டிராகன்கள் உண்டு’ என்று அந்தக் காலத்தில் எழுதிவைத்தார்கள் என்பார்கள். அந்த வாசகம் 1510-ஐ ஒட்டிய ஒரு சிறு செப்பு உலக உருண்டையிலும், அதோடு உறவுள்ள, நெருப்புக்கோழி முட்டையில் செய்த இன்னொரு உலக உருண்டையிலும்தான் இருக்கிறது. தாள் வரைபடங்களில் தேடினால் கிடைக்காது. விசித்திரப் பிறவிகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஒற்றைப் பெரும்பாதத்தைக் குடையாகத் தலைக்கு மேல் பிடித்திருக்கும் மனிதனை ஹெரஃபோர்ட் படம் இந்தியாவில்தான் குடியேற்றியிருக்கிறது. அது வரைந்தவரின் கற்பனை அல்ல. பழைய ரோமானிய நூல்களிலிருந்து நம்பிக்கையோடு எடுத்தது. உலகம் தட்டை என்று அவர்கள் நம்பியதாகச் சொல்வதும் இதே ரகம்தான். பூமி உருண்டை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பல்கலைக்கழகங்களில் பாடம் நடந்தது. மேற்கே கடல் வழியாக ஆசியாவை அடையலாம் என்ற கொலம்பஸுடன் நடந்த சண்டை பூமியின் வடிவம் பற்றியதல்ல, தூரம் பற்றியது. அதிலும் தப்புக்கணக்குப் போட்டவர் அவர்தான்.

பெயரை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்வதும் ஆபத்து. தப்ரோபனே என்றால் இலங்கை. 2ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் தாலமியை நம்பி வரைந்த படங்களில் அது பூதாகாரமாக இருக்கும். நம் தீபகற்பமோ இருக்கிற இடமே தெரியாது. பிறகு அதே பெயரைத் தூக்கிச் சுமத்ராவுக்குச் சூட்டினார்கள். ஃப்ரா மவுரோவும் அப்படித்தான் எழுதினார். ஆகவே ஒரு 16ஆம் நூற்றாண்டுத் தாளில் அந்தப் பெயரைக் கண்டால், எந்தத் தீவு என்று கடற்கரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் உலகப் படம் வரைந்த மெர்கேட்டரைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். கிரீன்லாந்தை ஆப்பிரிக்கா அளவுக்குக் காட்டிவிட்டார் என்று குற்றச்சாட்டு. ஆப்பிரிக்கா கிட்டத்தட்ட 14 மடங்கு பெரியது, உண்மைதான். ஆனால் 1569இல் வெளிவந்த அந்தப் படத்தின் தலைப்பே ‘கடலோடிகளின் பயன்பாட்டுக்காக’ என்று சொல்கிறது. இரண்டு துறைமுகங்களுக்கு இடையே அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டு, திசைகாட்டியில் அந்தக் கோணத்தை மாற்றாமல் ஓட்டினால் போய்ச் சேரலாம். அந்த வசதிக்காகத் துருவப் பக்கம் எல்லாவற்றையும் இழுக்க வேண்டியிருந்தது. மாலுமிக்கான படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டியதற்கு அவர் என்ன செய்வார்?

ஐரோப்பா போகிறவர்கள் பழைய வரைபடத் தாள் ஒன்றை வாங்கிவர ஆசைப்படுவதுண்டு. வண்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்கள் அவை; அச்சு கறுப்பு மட்டும்தான். வண்ணம் கையால் பூசியது. 1570இல் புகழ்பெற்ற அட்லஸை வெளியிட்ட ஆர்டேலியஸே ஆண்ட்வெர்ப்பில் வரைபடங்களுக்கு வண்ணம் பூசுபவராகத் தொழில் தொடங்கியவர். ஆனால் போன நூற்றாண்டில் வியாபாரத்துக்காகப் பூசிய தாள்களும் ஏராளம். தாளைத் திருப்பிப் பாருங்கள். பழைய பச்சை வண்ணத்தில் செம்பு இருக்கும். அது காலப்போக்கில் தாளை அரித்து, பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். முன்பக்கம் பச்சைப்பசேல், பின்பக்கம் வெள்ளைவெளேர் என்றால் விலையைக் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.